திருப்பித் தராத ஏழு பாத்திரங்கள்

அத்தியாயம் ஒன்பது

"பாஸ், ஒரு ஆளைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா அவங்க குப்பைத் தொட்டியைப் பாருன்னு சொல்வீங்க. இப்ப எதுக்கு உத்தரத்தைப் பிடிச்சுட்டுத் தொங்குறீங்க?"

துப்பறிவாளர் அம்ப்ரோஸ் டெவ்லின் அலமாரி உச்சியைத் துழாவிக்கொண்டிருந்தார். ஐம்பத்து நாலு வயதில், மினசோட்டா ஆளுநரின் பண்ணை வீட்டுச் சமையலறையில், ஆடுகிற நாற்காலி மேல் ஏறி நிற்பவன் கீழே விழாமல் இருந்தாலே பெரிய விஷயம். இதில் உதவியாளர் ட்ரூடி கோசிக்கின் கேள்விக்கு வேறு பதில் சொல்ல வேண்டுமா?

செனட்டர் கிளிஃபர்ட் பானிஸ்டர் ஜனாதிபதி தேர்தலில் நிற்கிறார். மேடையில் பக்கத்தில் நின்று கையைத் தூக்கிக் காட்ட அவருக்கு ஒரு துணை ஜனாதிபதி வேட்பாளர் தேவை. கட்சி மாநாட்டுக்கு இன்னும் ஒன்பது நாள். "தேசத்தின் மனசாட்சியைத் தேடுகிறேன்" என்று தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார். நிஜத்தில் அவர் தேடியது, ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் சபையில் மினசோட்டாவுக்கு இருக்கும் பத்து வாக்குகளை.

பட்டியலில் மூன்று பேர் இருந்தார்கள். முதலாமவர் போர் வீரர். போரில் அவர் உருளைக்கிழங்கு உரித்தார் என்பதை டெவ்லின் கண்டுபிடித்தார். இரண்டாமவர் மூன்று ஊர்களில் மூன்று பேஸ்பால் அணிகளைத் தன் உயிர் என்று சொன்னவர். மிச்சம் இருப்பது ஆளுநர் மாரிட் தோர்வால்ட். அறுபத்தொரு வயது. கணவர் கார்ல் இறந்து ஆறு வருடமாகிறது. ஒரே மகள். கறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அவரைச் சலித்துப் பார்த்து, மாலை நாலு மணிக்குள் 'சரி' அல்லது 'வேண்டாம்' என்று டெவ்லின் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆளுநர் காலையில் வீட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, "எதை வேணும்னாலும் திறந்து பாருங்க. எனக்கு வேலி பிடுங்கிக் கிடக்கு," என்று சுத்தியலோடு வயலுக்குப் போய்விட்டார். ரகசியம் உள்ளவர்கள் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். அல்லது அது சாவிக்கு அகப்படாத ரகசியமாக இருக்க வேண்டும்.

"ட்ரூடி, முப்பத்தோராவது கேள்வியைப் படி."

ஆளுநர் நிரப்பித் தந்திருந்த, இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட படிவத்தை அவள் புரட்டினாள். "'உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?' பதில், ஒண்ணு. ரொம்ப மர்மமான பதில் பாஸ். உடம்பெல்லாம் சிலிர்க்குது."

"தாளைத் திருப்பு."

திருப்பினாள். பின்பக்கம் வரை மை ஊறியிருந்தது. அந்த 'ஒண்ணு' எழுதப்படுவதற்கு முன் பேனா அந்த இடத்திலேயே வெகுநேரம் ஊன்றி நின்றிருக்கிறது.

"வரிக் கேள்விக்கு எல்லாரும் யோசிப்பாங்க. வழக்குக் கேள்விக்கு யோசிப்பாங்க. பெத்தவ பிள்ளையை எண்ண எதுக்கு இவ்வளவு நேரம்?" என்றார் டெவ்லின். "இப்ப இதைப் பிடி."

அலமாரி உச்சியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாத்திரம் இறங்கியது. அடுப்பில் வைத்துச் சுடுகிற நீளவாக்குப் பாத்திரம், ஓரத்தில் நீலப் பூ. பின்னால் இன்னொன்று. மொத்தம் ஏழு. எல்லாம் பழைய காலத்து அச்சு. ஒவ்வொன்றின் அடியிலும் பழுத்துப் போன காகித நாடா, அதன் மேல் ஒரு பெயர். ஏழும் வேறு வேறு பெயர்.

ட்ரூடியின் சிரிப்பு நின்றது. அவள் பக்கத்து மாநிலத்துக்காரி, மில்வாக்கி.

"பாஸ், இது உங்க ஷிகாகோ சமாசாரம் இல்ல. இங்க ஒரு வீட்ல சாவோ பிறப்போ நடந்தா, ஊர்ப் பொம்பளைங்க ஹாட்டிஷ் சுட்டு எடுத்துட்டு வருவாங்க. கறி, உருளைக்கிழங்கு, காளான் சூப்பு, எல்லாம் ஒண்ணாப் போட்டு. பாத்திரம் மாறிடக் கூடாதுன்னு அடியில பேர் ஒட்டுவாங்க. ஒரு வாரத்துல கழுவித் திருப்பித் தரணும். வெறுமனே தரக் கூடாது, உள்ள ஏதாவது வச்சுத் தரணும். புருஷனைத் திருப்பித் தராதவளைக் கூட இந்த ஊர்ல மன்னிச்சிடுவாங்க. பாத்திரத்தைத் தராதவளை மன்னிக்க மாட்டாங்க."

"இவங்க ஏழு வச்சிருக்காங்க."

"இவங்களுக்கு ஓட்டு வேற போட்டிருக்காங்க!"

"அலமாரி மேல விரல் வச்சுப் பாரு. தூசி. பாத்திரத்துல வச்சுப் பாரு."

பாத்திரங்கள் பளபளத்தன. வாராவாரம் யாரோ எடுத்துத் துடைத்து, அதே இடத்தில் திரும்ப வைத்திருக்கிறார்கள்.

நீலப் பூப் பாத்திரத்தின் கைப்பிடியில் நிறம் போன நாடாத் துணி ஒன்று முடிச்சிட்டுக் கிடந்தது. ட்ரூடி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நீலம்.

"பெண் குழந்தைக்கு ரோஸ் கட்டுவாங்க," என்றாள் மெதுவாக. "நீலம்னா பையன்."

"இந்த வீட்ல பையனே கிடையாது," என்றார் டெவ்லின். பாத்திரத்தைக் கவிழ்த்து அடியைப் படம் பிடித்துக்கொண்டார். பெயர்: அக்னஸ் லுண்டீன்.

*

அக்னஸ் லுண்டீன் லூத்தரன் சர்ச்சின் அடித்தளச் சமையலறையில் இருந்தார். மறுநாள் ஞாயிறு. நூற்றிருபது பேருக்கான காபிப் பானையைச் சோதித்துக்கொண்டிருந்தார். மாரிட்டை விட இரண்டு வயது மூத்தவர். சுற்றிலும் நாடா ஒட்டிய பாத்திரங்கள்.

"வாஷிங்டன்லேர்ந்தா வரீங்க?" என்றார். "மாரிட்டைப் பத்திக் கேக்கணும்னா ஒண்ணும் கிடையாது. நல்லவ. காபி குடிங்க."

டெவ்லின் அடிப்பாகப் படத்தை மேஜையில் வைத்தார்.

அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் துடைத்தார். துண்டில் ஈரமே இல்லை.

"அதை இன்னும் வச்சிருக்காளா?"

"எதுக்காகக் கொடுத்தீங்கம்மா?"

அக்னஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். "பையன். ஏழு பவுண்டு இருந்தான்." அதற்குள் காபிப் பானை பொங்கியது. அவர் எழுந்து ஓடினார்.

டெவ்லினும் எழுந்து ஓடினார், எதிர்ப்பக்கமாக, காரில் இருக்கும் தொலைபேசியை நோக்கி. இருபத்தைந்து வருடத் தொழில் காலில் சக்கரத்தைக் கட்டிவிட்டிருந்தது.

"பாஸ், அந்தம்மா இன்னும் முடிக்கல," என்று பின்னால் வந்தாள் ட்ரூடி.

"மணி ரெண்டாகுது ட்ரூடி!"

மறுமுனையில் லாக்வுட். செனட்டரின் பிரசார மேலாளர். தூங்கும்போதும் கழுத்துப்பட்டையைக் கழற்றாதவர் என்று பேச்சு.

"லாக்வுட், படிவத்துல இல்லாத ஒரு பையன் இருக்கான்."

"உயிரோட இருக்கானா? ஜெயில்ல இருக்கானா? பத்திரிகைக்காரனா?"

"விசாரிக்கிறேன். முதல்ல உங்களுக்குச் சொல்லணும்னு..."

"நல்லது. செனட்டர்கிட்ட இப்பவே சொல்றேன்," என்று வைத்துவிட்டார்.

டெவ்லின் திருப்தியோடு கீழே இறங்கி வந்தார். அக்னஸ் பானையைத் துடைத்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்திருந்தார். முகம் அழுது முடித்த முகம்.

"எங்க போனீங்க? மீதியைக் கேக்க வேண்டாமா?" என்றார். "நானும் அன்னிக்கு மீதியைக் கேக்கல."

டெவ்லின் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. அப்ப எட்டு வீட்டுக்கும் ஒரே டெலிபோன் லைன். அடுத்தவங்க பேசறப்ப எடுத்துக் கேக்கக் கூடாது. எல்லாரும் கேப்போம். சனிக்கிழமை மாரிட்டுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனா. ஞாயித்துக்கிழமை மணி அடிச்சுது, எடுத்தேன். கார்ல் அவங்க அம்மாகிட்டப் பேசறான். 'பையன்மா. ஏழு பவுண்டு'ன்னான். அப்பன்னு பார்த்து என் பின்னால குயில் கடிகாரம் கூவிடுச்சு. காட்டிக் கொடுத்துடுமோன்னு பயந்து ரிசீவரை வச்சுட்டேன்."

"அப்புறம் அவர் என்ன சொன்னார்?"

"மூச்சே இல்லாமப் பிறந்தான்னு சொல்லியிருக்கான்."

ட்ரூடி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன். பையன், ஏழு பவுண்டுன்னு. மூணாம் நாள் அவ வீடு திரும்பின அன்னிக்கு ஏழு பேர் ஹாட்டிஷோட போய்க் கதவைத் தட்டினோம். நான் நீல நாடா வேற கட்டியிருந்தேன். அவளே வந்து கதவைத் திறந்தா. ரெண்டு கையும் சும்மா தொங்குது. பால் கட்டிச் சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு." அக்னஸ் காலிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "ஆஸ்பத்திரியில மயக்க ஊசி போட்டிருந்தாங்க. அவ கண் முழிக்கிறதுக்குள்ள கார்லும் பாஸ்டரும் புதைச்சுட்டு வந்துட்டாங்க. அப்பல்லாம் அதுதான் நல்லதுன்னாங்க. அவ முகத்தைக் கூடப் பார்க்கல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க ஊரைப் பத்தித் தெரியாதா உங்களுக்கு? ஒண்ணும் சொல்லல. பாத்திரத்தை மேஜையில வச்சோம். 'நல்ல குளிர்'னு சொன்னா ஒருத்தி. வந்துட்டோம். பாத்திரத்தைத் திருப்பித் தரணும்னா அவ ஏழு வாசப்படி ஏறணும், ஏழு தடவை எங்க மூஞ்சியைப் பார்க்கணும். வரல. நாங்களும் கேக்கல. நான் வேற பாத்திரம் வாங்கிட்டேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஒரே பெஞ்சுலதான் உக்காருவோம்."

டெவ்லின் மாடிப்படியில் ஏறினார். இந்த முறை அவசரமே இல்லாத கால்கள்.

"லாக்வுட், முதல்ல சொன்னதை மறந்துடுங்க. அந்தக் குழந்தை பிறக்கும்போதே இறந்துடுச்சு. குற்றமும் இல்ல, மறைப்பும் இல்ல. நான் 'சரி'ன்னு கையெழுத்துப் போடறேன். இது அறிக்கையில வர வேண்டாம்."

மறுமுனையில் நீண்ட மௌனம். லாக்வுட்டுக்கும் இதயம் இருக்கிறதோ என்று டெவ்லின் ஒரு கணம் நினைத்துவிட்டார்.

"எத்தனை பவுண்டு?" என்றார் லாக்வுட்.

"என்ன?"

"எடை. உரையில துல்லியமான விவரம் இருந்தா ஜனங்க அழுவாங்க. டெவ்லின், நீ மேதைய்யா! நம்ம செனட்டரைக் கல்லுன்னு சொல்றாங்க. பக்கத்துல அழற ஒரு தாய் நின்னா ஓட்டு எங்கேயோ எகிறிடும்! இப்பவே செனட்டரை விட்டு அந்தம்மாகிட்டப் பேசச் சொல்றேன்."

"வேண்டாம்! லாக்வுட், கேளுங்க..."

லாக்வுட்டும் மீதியைக் கேட்கவில்லை.

ட்ரூடி காரின் கதவில் சாய்ந்து நின்றாள். கேலி செய்வாள் என்று டெவ்லின் காத்திருந்தார். செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினாள்.

*

ஆளுநர் சமையலறை மேஜை முன் உட்கார்ந்திருந்தார். பூட்ஸில் வயல் சேறு. மேஜையில் டெவ்லின் இறக்கி வைத்த ஏழு பாத்திரங்களும் அப்படியே இருந்தன. அவற்றைத் திரும்ப மேலே ஏற்றக்கூடத் தோன்றாமல் போயிருந்தது இந்த நாட்டின் மிகச் சிறந்த துப்பறிவாளருக்கு.

"செனட்டர் கூப்பிட்டாரு," என்றார் மாரிட். "அழுதாரு. நடுவுல ஒரு தடவை தாளைத் திருப்புற சத்தம் கேட்டுது."

டெவ்லின் தொப்பியைக் கழற்றினார்.

"மாநாட்டுல மூணாம் நாள் ஒன்பது மணிக்கு நான் அவனைப் பத்திப் பேசணுமாம். மேடையில ஒரு காலித் தொட்டில் வைக்கலாமான்னு பின்னாலேர்ந்து யாரோ கேட்டாங்க."

"மேடம், தப்பு என்னோடது."

"ஆமா."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் டெவ்லினுக்கு நிற்க ஒரு இடம் கிடைத்திருக்கும்.

"எனக்கு ஆசையில்லன்னு நினைச்சுடாதீங்க," என்றார் பிறகு. "ரொம்ப ஆசை. பதவிப் பிரமாணத்தை மாட்டுக் கொட்டில்ல சொல்லிப் பழகியிருக்கேன். வலது கையைத் தூக்கிட்டு. நாற்பது மாடு சாட்சி."

"ரொம்ப கவனமாக் கேட்டிருக்கும் மேடம்," என்றாள் ட்ரூடி. "செனட் சபையை விட."

மாரிட் லேசாகச் சிரித்தார். கையை நீட்டினார். "அந்தப் படிவத்தைக் கொடுங்க."

ட்ரூடி கொடுத்தாள்.

"எழுபதாவது கேள்வியில ரகசியம் உண்டான்னு கேட்டிருந்தாங்க. இல்லன்னு எழுதினேன். அது பொய்யில்ல. ஏழு பேருக்குத் தெரிஞ்சது ரகசியமா? யாரும் வாயைத் திறக்கல, அவ்வளவுதான். ஆனா இது..." முப்பத்தோராவது கேள்வியில் விரலை வைத்தார். "இது பொய். தெரிஞ்சே எழுதின பொய். அரை மணி நேரம் இங்கதான் உக்காந்திருந்தேன். 'ரெண்டு'ன்னு எழுதினா, ரெண்டாவது பிள்ளை எங்கன்னு யாராவது வந்து கேப்பாங்க. பதில் சொல்லணும்."

பேனாவை எடுத்தார். 'ஒண்ணு' என்பதை அடித்தார். 'இரண்டு' என்று எழுதினார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். இந்த முறை மை ஊறவில்லை.

"இப்ப இதுல இருக்கிறதெல்லாம் நிஜம்," என்று திருப்பித் தந்தார். "இனிமே இது யாருக்கும் வேண்டாம். நான் வரலன்னு செனட்டர்கிட்டச் சொல்லிடுங்க. காரணம் கேட்டா, வேலி பிடுங்கிக் கிடக்குன்னு சொல்லுங்க. அவன் பேச்சை எங்கயாவது எடுத்தாங்கன்னா, தாள் திருப்பின சத்தத்தைப் பத்தி நான் பேசுவேன். அதையும் சொல்லுங்க."

"அந்தக் கடைசி வரியை நான் சொல்றேன் பாஸ்," என்றாள் ட்ரூடி. "ப்ளீஸ்."

வெளியே காரின் தொலைபேசியில் லாக்வுட்டிடம் அவள் சொன்னது சமையலறை வரை கேட்டது. மாநாட்டுக்குப் பேஸ்பால்காரரே போதும் என்று ஐந்து நிமிடத்தில் முடிவானது. தேசத்தின் மனசாட்சிக்கு இப்போது மூன்று அணிகள்.

மாரிட் நீலப் பூப் பாத்திரத்தைக் கையில் எடுத்தார். "ஏழு பேர்ல நாலு பேர் போயிட்டாங்க. அக்னஸ் இருக்கா." சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். "வெறுமனே தரக் கூடாது. இத்தனை வருஷமா இதுல என்ன வச்சுக் கொடுக்கிறதுன்னே எனக்குத் தெரியல."

பிறகு மாரிட் பின்வாசலுக்குப் போய், வேலியோரப் புதரிலிருந்து பழுத்த ராஸ்ப்பெர்ரிப் பழங்களைப் பறித்துப் பாத்திரத்தில் போட ஆரம்பித்தார். டெவ்லினும் குனிந்து பறித்தார். யாரும் அவரைப் பறிக்கச் சொல்லவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை. கை முழுக்க முள் கீறியது.

*

சர்ச் அடித்தளத்தில் அக்னஸ் இன்னும் பானையைத் துடைத்துக்கொண்டிருந்தார். படியில் மாரிட்டைப் பார்த்ததும் துண்டு கையிலிருந்து நழுவியது.

மாரிட் பாத்திரத்தை மேஜையில் வைத்தார். டெவ்லினும் ட்ரூடியும் படியிலேயே நின்றார்கள்.

அக்னஸ் பழத்தைப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். அந்த ஊரில் எதைக் கேட்க முடியுமோ அதைக் கேட்டார்.

"அன்னிக்கு... நல்லா இருந்துதா?"

"நான் சாப்பிடல. கார்ல் சாப்பிட்டான். உப்பு கம்மின்னான்."

"நான் எப்பவுமே கம்மியாத்தான் போடுவேன்." அக்னஸ் கைப்பிடியிலிருந்த நாடா முடிச்சைத் தொட்டார். "மாரிட், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு டெலிபோன்ல ஒட்டுக் கேட்டு, ஊரெல்லாம் சொல்லி..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கார்ல் பேசும்போதே பின்னால குயில் கூவிச்சாம். நம்ம லைன்ல குயில் கடிகாரம் உன் வீட்ல மட்டும்தான் அக்னஸ்."

டெவ்லின் படிக் கைப்பிடியை இறுகப் பிடித்தார். அவர் ஒரு நாள் முழுக்கத் துரத்திப் பிடித்ததை, இந்தப் பெண்மணி ஒரு கூவலில் கண்டுபிடித்து, முப்பத்தெட்டு வருடமாக வாய் திறக்காமல் வைத்திருந்திருக்கிறார். அதே பெஞ்சில், பக்கத்திலேயே.

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?"

"என்ன கேக்க? அவன் பிறந்ததுக்கு இந்த உலகத்துல சந்தோஷப்பட்டது நீ மட்டும்தான். ஒரு நாடா கட்டினே."

அக்னஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாரிட் எதிரில் உட்கார்ந்தார். பானை மட்டும் சூடு தணிந்து டிக் டிக் என்றது.

"பேர் வச்சிருந்தியா?" என்றார் அக்னஸ்.

"எய்னார்."

"எங்கயாவது எழுதியிருக்கா?"

"இல்ல. கல் வைக்கல. அப்பல்லாம் வைக்க மாட்டாங்க."

அக்னஸ் மேஜை இழுப்பறையைத் திறந்தார். காகித நாடாச் சுருளையும் பேனாவையும் எடுத்தார். ஒரு விரற்கடை நீளத்துக்குக் கிழித்தார். போதாது என்று தோன்றியது போலும். நீளமாக வேறொன்று கிழித்து, மேஜை மேல் ஒட்டி, நீவிவிட்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு," என்றார். "தப்பா எழுதிடப் போறேன்."

மேலே வெயிலில், திறந்து கிடந்த காருக்குள் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. ட்ரூடி படியேறிப் போய், ரிசீவரை எடுக்காமல், காரின் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள்.